கைம்முதல் கொடுத்த கைகள்: பெஞ்சமின் பிராங்க்ளின் தொழில் தொடங்கிய வரலாறு



நம்முடைய கடைகளில் அடிக்கடி நடக்கும் காரியம் ஒன்று உண்டு. பத்து வருஷம் கூட இருந்து வேலை பழகிய பையன் ஒரு நாள் கடை சாத்தும் நேரத்தில் முதலாளியின் முன் தயங்கி நிற்கிறான். தனியாகத் தொழில் செய்ய ஆசைப்படுகிறேன் என்கிறான். தொழில் அவன் கையில் இருக்கிறது, முதல் இல்லை. கொடுப்பதா வேண்டாமா, கொடுத்தால் திரும்பி வருமா, கொடுக்காவிட்டால் இவன் எங்கே போய் எந்தக் கடனில் விழுவான் என்று முதலாளி அன்றிரவு யோசிக்கிறார். பையனும் தூங்குவதில்லை.

அந்தப் பையனுக்கும் அந்த முதலாளிக்கும் ஒருங்கே பயன்படக்கூடிய வாழ்க்கை வரலாறு ஒன்றை இங்கே எழுதுகிறேன். அது அமெரிக்க நாட்டுப் பெஞ்சமின் பிராங்க்ளினுடையது. மின்னலில் மின்சாரம் இருப்பதை நிரூபிக்க வழி சொன்ன விஞ்ஞானி என்றும், அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர்களில் ஒருவர் என்றும், அந்நாட்டு நூறு டாலர் நோட்டில் அச்சிட்டிருப்பது அவர் முகம் என்றும் பலர் அறிவர். இத்தனை பெருமை வந்த பிறகும், தம் மரண சாசனத்தை எழுதிய போது, தாம் வகித்த உத்தியோகங்களுக்கெல்லாம் முன்பாக அச்சுத் தொழிலாளி என்றே அவர் தம்மைக் குறிப்பிட்டார். அவருடைய விஞ்ஞானத்தையும் அரசியலையும் படித்தவர்கள் எழுதட்டும். கடைக்காரனாகிய நான் அவர் கடை வைத்த கதையை மட்டும் எடுத்துக் கொள்கிறேன்.

பிராங்க்ளின் 1706-ஆம் வருஷம் ஜனவரி 17-ந் தேதி பாஸ்டன் நகரில் பிறந்தார். தகப்பனார் ஜோசையா இங்கிலாந்திலிருந்து பிழைக்க வந்தவர். மெழுகுவர்த்தியும் சவுக்காரமும் செய்து விற்பது அவர் தொழில். அவருக்கு மொத்தம் 17 பிள்ளைகள். ஆண்மக்களில் கடைசிப் பிள்ளை பெஞ்சமின். எட்டு வயதில் பள்ளிக்கூடம் அனுப்பினார்கள். இரண்டு வருஷம் முடியுமுன்னே, செலவு கட்டாது என்று நிறுத்திவிட்டு, பத்து வயதில் கடை வேலைக்கு இழுத்துக் கொண்டார் தகப்பனார். திரி வெட்டுவதும், அச்சில் கொழுப்பு ஊற்றுவதும், கடையைப் பார்ப்பதும் பையனுக்கு வேலை. அவனுக்கு அது பிடிக்கவில்லை. தகப்பனார் கோபிக்காமல், அவனைத் தச்சர், கொத்தர், கடைசல்காரர், பித்தளை வேலைக்காரர் ஆகியோரின் பட்டறைகளுக்கு அழைத்துச் சென்று, எந்தத் தொழிலில் அவன் கண் நிற்கிறது என்று கவனித்தார். கடைசியில் புத்தக ஆசை மிகுந்த பிள்ளை என்று கண்டு, பன்னிரண்டாம் வயதில், மற்றொரு மகன் ஜேம்ஸின் அச்சுக்கூடத்தில் தொழில் பழக எழுதிக் கொடுத்தார். 21 வயது வரை அங்கே இருக்க வேண்டும். கடைசி வருஷத்துக்கு மட்டுமே கூலி உண்டு என்பது ஒப்பந்தம்.

தொழிலைப் பையன் சீக்கிரமே கற்றுக் கொண்டான். ஆனால் அண்ணன் முதலாளியாக நடந்தாரேயன்றி அண்ணனாக நடக்கவில்லை. அடியும் விழுந்தது. 1723-ஆம் வருஷம், தவணை முடியுமுன்னே, பதினேழு வயதில் பெஞ்சமின் ஓடிப் போனார். அவர்களுக்குள் இருந்த இரகசியப் பத்திரத்தை அண்ணன் வெளியே காட்ட முடியாது என்று தெரிந்தே அப்படிச் செய்தார். அதைத் தம் வாழ்க்கையின் முதல் தவறுகளில் ஒன்றாகப் பிற்காலத்தில் அவரே எழுதி வைத்தார். பெரிய மனிதரானபின் தம் பிழையை மறைக்காமல் கணக்கில் எழுதிய நேர்மைக்காகவே அவர் சரித்திரத்தை நம்பிப் படிக்கலாம்.

நியூயார்க்கில் வேலை கிடைக்கவில்லை. பிலடெல்பியா சேர்ந்த போது அவரிடம் இருந்தது ஒரு டாலர் நாணயமும் ஏறக்குறைய ஒரு ஷில்லிங் செப்புக் காசும்தான். தாமும் துடுப்புப் போட்டு வந்திருந்தும், அந்தச் செப்புக் காசைப் படகுக்காரருக்கே கொடுத்துவிட்டார். பிறகு மூன்று பென்னிக்கு ரொட்டி கேட்டார். அந்த ஊரில் விலை மலிவு என்பது தெரியாது. மூன்று பெரிய ரொட்டிகள் வந்தன. ஒன்றைத் தின்றுவிட்டு, மற்ற இரண்டையும் படகில் கூட வந்த ஒரு பெண்ணுக்கும் அவள் பிள்ளைக்கும் கொடுத்தார். சாமுவேல் கைமர் என்பவரின் அச்சுக்கூடத்தில் வேலை கிடைத்தது. உடைந்த இயந்திரமும் தேய்ந்த எழுத்துக்களும் கொண்ட இடம் அது. இந்த வாலிபருக்குத் தொழில் தெரியும் என்பது சில மாதங்களில் ஊருக்குத் தெரிந்துவிட்டது.

இங்கேதான் முதலைப் பற்றிய முதல் பாடம் வருகிறது. அந்த மாகாணத்துக் கவர்னர் சர் வில்லியம் கீத், இந்த வாலிபரைத் தேடிக் கடை வாசலுக்கே வந்தார். நீ தனி அச்சுக்கூடம் வை, அரசாங்க அச்சு வேலையெல்லாம் உனக்கே தருவேன் என்று ஆசை காட்டி, தகப்பனாரிடம் முதல் கேட்கும்படி கடிதமும் எழுதிக் கொடுத்தார். 1724-இல் பெஞ்சமின் பாஸ்டன் சென்று கடிதத்தை நீட்டினார். தகப்பனார் படித்துப் பார்த்தார். பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் இவ்வளவு செலவுள்ள தொழிலை ஒப்படைக்கச் சொல்லும் கவர்னர் விவேகியாக இருக்க முடியாது என்று கருதினார். பணம் தர மறுத்தார். ஆனால் கதவை அடைத்துவிடவில்லை. பொறுமையாக உழைத்து, சிக்கனமாகச் சேர்த்துக் கொண்டு வா. இருபத்தொரு வயதில் முதலுக்குச் சற்றே குறைந்தால் மீதியை நான் போடுகிறேன் என்று வாக்களித்தார்.

அந்த மெழுகுவர்த்திக்காரர் சொன்னதைக் கவனியுங்கள். மகனின் திறமையை அவர் குறை சொல்லவில்லை. முதலில் உன் கைப்பணம் வரட்டும், பிறகு என் பணம் என்றார். பிள்ளைக்கு முதல் கொடுக்க நினைக்கும் தகப்பனார் எவருக்கும் இதைவிட நல்ல விதி எனக்குத் தெரியவில்லை.

வாலிபருக்கு அது அப்போது கசந்தது. கவர்னரோ, தகப்பன் தராவிட்டால் நானே தருகிறேன் என்றார். வேண்டிய சாமான்களுக்குப் பட்டியல் கேட்டார். பெஞ்சமின் எழுதிய பட்டியல் சுமார் 100 பவுன் கண்டது. நீயே லண்டன் போய் எழுத்துக்களைப் பார்த்து வாங்கி வா, கடன் உத்தரவுக் கடிதங்கள் கப்பலில் வந்து சேரும் என்றார். கப்பல் ஏறினார். 1724 டிசம்பர் 24-ந் தேதி லண்டனில் இறங்கிக் கடிதப் பையைப் பார்த்தால், கவர்னரின் கடிதம் ஒன்று கூட இல்லை. அதே கப்பலில் வந்த தாமஸ் டென்ஹாம் என்ற வியாபாரிதான் உண்மையை எடுத்துச் சொன்னார். கவர்னரை அறிந்தவர் எவரும் அவர் பேச்சை நம்புவதில்லை. பிறருக்கு ஜாமீன் எழுத அவருக்கே சந்தையில் நாணயம் கிடையாது என்றார். பெரிய பதவி வேறு, நாணயம் வேறு என்பதை அந்த வாலிபர் ஆயிரம் காத தூரம் போய்க் கற்றுக் கொண்டார்.

இந்த டென்ஹாம் சாதாரண மனிதர் அல்லர். முன்பு பிரிஸ்டல் நகரில் வியாபாரம் நொடித்து, பலருக்குக் கடன்பட்டு, கொடுக்க முடிந்ததைக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்துக் கொண்டு அமெரிக்கா போனவர். அங்கே உழைத்துப் பொருள் தேடினார். இந்தப் பயணத்தில் இங்கிலாந்து திரும்பியதும், பழைய கடன்காரர்களையெல்லாம் விருந்துக்கு அழைத்தார். முன்பு தம்மிடம் தயவு காட்டியதற்கு நன்றி சொன்னார். முதல் தட்டை எடுத்தபோது, ஒவ்வொருவர் தட்டின் கீழும் அவரவருக்குச் சேர வேண்டிய பாக்கி முழுவதற்கும் வட்டியோடு வங்கி உத்தரவு இருந்தது. சட்டப்படி அவர் அதைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அத்தகையவர் பக்கத்தில் இருந்து வியாபாரம் பழகும் பாக்கியம் பிராங்க்ளினுக்குக் கிடைத்தது. லண்டன் அச்சுக்கூடங்களில் ஒன்றரை வருஷம் வேலை செய்தபின், 1726-இல் டென்ஹாமின் குமாஸ்தாவாக, வருஷம் 50 பவுன் சம்பளத்துக்குப் பிலடெல்பியா திரும்பினார். கணக்கு எழுதவும் சரக்கு விற்கவும் கற்றார். ஆனால் இருவருக்கும் கடும் நோய் கண்டது. பிராங்க்ளின் பிழைத்தார், டென்ஹாம் நெடுநாள் கிடந்து மரணமடைந்தார்.

இவ்வளவு படித்த பிறகு, இந்த வாலிபர் களங்கமே இல்லாதவர் என்று யாரும் எண்ண வேண்டாம். 1724-இல் பாஸ்டனிலிருந்து திரும்பும் வழியில், வெர்னன் என்பவர் தமக்கு வர வேண்டிய சுமார் 35 பவுனைப் பென்சில்வேனியாவில் வசூலித்து, தாம் சொல்லும் வரை வைத்திருக்கும்படி ஒப்படைத்திருந்தார். அது அமானிதம். பிராங்க்ளினோ, காலின்ஸ் என்ற குடிகார நண்பர் கடன் கேட்டபோதெல்லாம் அதிலிருந்து எடுத்துக் கொடுத்தார். காலின்ஸ் பார்படோஸ் தீவுக்குப் போனார். முதல் பணம் கைக்கு வந்ததும் அனுப்புவேன் என்றார். பணமும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. வெர்னன் எந்த நாளில் கேட்பாரோ என்ற பயம் பல வருஷம் பிராங்க்ளினை வாட்டியது. தகப்பனார் தம்மைத் தொழில் வைக்க வயது போதாதவன் என்று சொன்னது சரிதான் என்பதற்கு இதையே அவர் சாட்சியாகக் கூறினார்.

டென்ஹாமின் கடை இல்லாமற்போன பின் மீண்டும் கைமரிடம் மேஸ்திரியாகச் சேர்ந்தார். அங்கே ஹ்யூ மெரிடித் என்ற கூட்டாளி வாய்த்தார். குடியானவர் குடும்பம், முப்பது வயது, நேர்மையானவர், ஆனால் மதுப் பழக்கம் உண்டு. கைத்தொழில் உன்னுடையது, முதல் என் தகப்பனாருடையது, இலாபம் பாதிப் பாதி என்று மெரிடித் யோசனை சொன்னார். பிராங்க்ளினோடு சேர்ந்தபின் மகனின் குடி குறைந்ததைக் கண்ட தகப்பனாரும் சம்மதித்தார். லண்டனுக்கு ஆர்டர் போயிற்று. 1728-இல் இயந்திரமும் எழுத்துக்களும் வந்து சேர, சந்தைக்குப் பக்கத்தில் வருஷம் 24 பவுன் வாடகைக்கு வீடு பிடித்தார்கள். வாடகைச் சுமை குறைய, கண்ணாடி வேலைக்காரர் ஒருவரின் குடும்பத்துக்கு வீட்டின் ஒரு பகுதியை விட்டு, அவர்களிடமே சாப்பாடும் வைத்துக் கொண்டார்கள்.

சாமான்களைப் பிரித்து வைப்பதற்குள் ஜார்ஜ் ஹவுஸ் என்ற அறிமுகக்காரர், அச்சுக்கூடம் தேடித் தெருவில் அலைந்த நாட்டுப்புறத்தார் ஒருவரை அழைத்து வந்தார். கையிலிருந்த காசெல்லாம் செலவாகிப் போயிருந்த நேரம். அந்த வேலைக்குக் கிடைத்தது ஐந்து ஷில்லிங். அதன் பின் எவ்வளவோ சம்பாதித்தும், அந்த ஐந்து ஷில்லிங் தந்த மகிழ்ச்சியை வேறு எந்தப் பணமும் தரவில்லை என்று கிழவரானபின் நினைவு கூர்ந்தார். அந்த நன்றியினாலேயே புதிதாகக் கடை வைக்கும் வாலிபர்களுக்கு உதவும் எண்ணம் தமக்கு வலுத்தது என்றும் சொன்னார். கல்லாவில் விழுந்த முதல் காசை நம்மில் யார்தான் மறப்பார்!

ஊரில் வேறு விதமான பெரியவரும் இருந்தார். சாமுவேல் மிக்கிள் என்ற அந்த முதியவர் கடை வாசலில் வந்து நின்று, இந்த ஊர் முழுகப் போகிறது, பாதிப் பேர் நொடித்துவிட்டார்கள், உன் முதல் வீண் என்று வருத்தப்பட்டுச் சொன்னார். முன்பே கேட்டிருந்தால் கடையே வைத்திருக்க மாட்டேன் என்று பிராங்க்ளின் எழுதினார். ஊர் அழியப் போகிறது என்று பல வருஷம் வீடு வாங்காமல் இருந்த அதே முதியவர், கடைசியில் ஐந்து மடங்கு விலை கொடுத்து வீடு வாங்கினாராம்.

உழைப்பைச் சொல்ல வேண்டும். குவேக்கர் சமயத்தாரின் சரித்திரம் ஒன்றில் நாற்பது தாள் அச்சடிக்கும் வேலை குறைந்த விலைக்கு வந்தது. தினம் ஒரு தாள் எழுத்துக் கோப்பது என்று பிராங்க்ளின் விதித்துக் கொண்டார். ஓர் இரவு அன்றைய வேலை முடிந்தது என்று நினைத்த வேளையில், கோத்த எழுத்துச் சட்டம் ஒன்று உடைந்து, இரண்டு பக்கம் சிதறிவிட்டது. காலையில் பார்க்கலாம் என்று போகாமல், உடனே எழுத்துக்களைப் பிரித்து, மறுபடியும் கோத்து முடித்துவிட்டே படுத்தார். அக்கம்பக்கத்தார் பார்த்துக் கொண்டுதான் இருந்தார்கள். வியாபாரிகள் கூடும் சங்கத்தில் புதிய அச்சுக்கூடம் நிலைக்காது என்று பேச்சு வந்தபோது, நான் சங்கத்திலிருந்து வீடு திரும்பும்போதும் அவன் வேலை செய்கிறான், அயலார் எழுமுன்னே மீண்டும் வேலையில் இருக்கிறான் என்று வைத்தியர் ஒருவர் எடுத்துரைத்தார். சில நாளில் வியாபாரி ஒருவர் தாமாகவே வந்து, எழுதுபொருட்களைக் கடனாகத் தருவதாகச் சொன்னார். எரியும் விளக்கும் ஒருவனுக்கு ஜாமீன் என்பது இதனால் தெரிகிறது.

பிறகு ஆபத்து வந்தது. மெரிடித்தின் தகப்பனார் 200 பவுன் கொடுப்பதாகச் சொல்லி 100 பவுனே கொடுத்திருந்தார். மீதி 100 பவுனுக்குச் சரக்கு அனுப்பிய வியாபாரி பொறுமையிழந்து வழக்குத் தொடர்ந்தார். ஜாமீன் கொடுத்துத் தற்காலிகமாகத் தப்பினார்கள். தவணைக்குள் பணம் கட்டாவிட்டால் இயந்திரமும் எழுத்துக்களும் பாதி விலைக்கு ஏலம் போகும் நிலை.

அந்த நெருக்கடியில் இரண்டு நண்பர்கள் வந்தார்கள். ஒருவர் வில்லியம் கோல்மன், வியாபாரி ஒருவரின் குமாஸ்தா. மற்றவர் ராபர்ட் கிரேஸ், ஓரளவு சொத்துள்ள வாலிபர். ஒருவர் வந்தது மற்றவருக்குத் தெரியாது. பிராங்க்ளின் கேட்கவும் இல்லை. தொழில் முழுவதையும் நீயே எடுத்துக் கொள்வதானால் வேண்டிய பணம் அத்தனையும் நான் தருகிறேன் என்று இருவரும் தனித்தனியே சொன்னார்கள். மெரிடித் தெருவில் குடித்துத் திரிவதும் சூதாடுவதும் தொழிலின் பேரைக் கெடுக்கிறது, அவருடன் கூட்டு வேண்டாம் என்பது மட்டுமே அவர்கள் சொன்ன நிபந்தனை.

இவர்கள் எப்படி நம்பினார்கள்? 1727-இல் பிராங்க்ளின் தம்மைப் போன்ற தொழிலாளிகளையும் குமாஸ்தாக்களையும் சேர்த்து, ஜுண்டோ என்ற சிறு சங்கம் ஒன்றை ஏற்படுத்தியிருந்தார். வெள்ளிக்கிழமை இரவுதோறும் கூடி, படித்ததையும் ஊரில் யார் தொழில் உயர்ந்தது, யார் தொழில் ஏன் வீழ்ந்தது என்பதையும் பேசுவார்கள். கோல்மனும் கிரேஸும் அதில் அங்கத்தினர்கள். வாரந்தோறும் பார்த்துப் பழகியவர்கள். பத்திரத்தைக் காட்டிலும் அந்தப் பழக்கமே அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது.

கடனை விட மேலான காரியம் இனித்தான். பணம் கையருகே வந்திருந்தும் பிராங்க்ளின் கூட்டாளியை உதறித் தள்ளவில்லை. மெரிடித் குடும்பத்தார் எனக்குச் செய்த நன்மைக்கு நான் கடமைப்பட்டவன். அவர்கள் தம் பங்கை நிறைவேற்றும் நம்பிக்கை இருக்கும் வரை பிரிவினை பேச மாட்டேன் என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டார். சில நாள் கழித்து மெரிடித்திடமே மனம் விட்டுப் பேசினார். உன் தகப்பனார் என்னை முன்னிட்டுப் பணம் தரத் தயங்கினால், எல்லாவற்றையும் உனக்கே விட்டுவிட்டு நான் போய்விடுகிறேன் என்றார். மெரிடித்தும் நேர்மையோடு பதில் சொன்னார். தகப்பனாருக்கு உண்மையாகவே வசதியில்லை. நான் உழவுக்குப் பிறந்தவன், இந்தத் தொழிலுக்கு ஏற்றவன் அல்லன். கம்பெனிக் கடன்களை நீ ஏற்று, என் தகப்பனாரின் 100 பவுனைத் திருப்பிக் கொடுத்து, என் சில்லறைக் கடன்களை அடைத்து, 30 பவுனும் ஒரு புதுச் சேணமும் தந்தால் நான் விலகிக் கொள்கிறேன் என்றார். 1730-இல் எழுதிக் கையெழுத்திட்டார்கள். கூட்டுப் பிரிந்தது, சிநேகம் பிரியவில்லை.

நண்பர் இருவரில் யாரிடம் வாங்குவது? ஒருவரிடம் முழுவதும் வாங்கினால் மற்றவர் மனம் நோகும் என்று, பாதியை இவரிடமும் பாதியை அவரிடமும் வாங்கினார். அந்தச் சமயத்திலேதான் வெர்னனும் தம் அமானிதத்தை ஞாபகப்படுத்திக் கடிதம் எழுதினார். பிராங்க்ளின் சாக்குச் சொல்லவில்லை. உண்மையை ஒப்புக் கொண்டு தவணை கேட்டார். அவரும் பொறுத்தார். கை நிமிர்ந்தவுடனே முதலோடு மேற்பணமும் சேர்த்து, நன்றி கூறி அனுப்பிவிட்டார்.

இதற்கிடையில் 1729-இல் கைமரின் பத்திரிகையை வாங்கிப் பென்சில்வேனியா கெஜட் என்று நடத்தலானார். மாகாணத்துக் காகிதப் பணம் அச்சடிக்கும் வேலையும் கிடைத்தது. சிறிய எழுதுபொருட் கடையும் திறந்தார். கடனை அடைத்து வரும் காலத்தில் எளிய உடை உடுத்தினார். வீண் பொழுதுபோக்கு இடங்களில் அவரைப் பார்க்க முடியாது. வாங்கிய காகிதத்தைத் தாமே தள்ளுவண்டியில் வைத்துத் தெருவோடு தள்ளி வந்தார். உழைப்பாளியாக இருந்தால் மட்டும் போதாது, கடன் கொடுத்தவர் கண்ணுக்கு அப்படித் தெரியவும் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். கைமரின் பழைய சிஷ்யர் டேவிட் ஹாரி என்பவர் அதே ஊரில் அச்சுக்கூடம் வைத்து, துரை போல உடுத்தி, ஆடம்பரமாக வாழ்ந்து, கடன் ஏறி, வேலை இல்லாமற்போய்ப் பார்படோஸ் போய்ச் சேர்ந்தார். கைமரும் அதற்கு முன்னே அங்கேதான் போயிருந்தார்.

1730 செப்டம்பரில் டெபோரா ரீட் என்ற பெண்மணியுடன் இல்வாழ்க்கை ஏற்பட்டது. அந்த அம்மையார் புத்தகம் மடித்தார், தைத்தார், கடையில் நின்று விற்றார், காகித ஆலைக்காகப் பழந்துணி வாங்கிச் சேர்த்தார். வீட்டில் வீண் வேலைக்காரர் இல்லை. நெடுநாள் வரை பிராங்க்ளினின் காலை உணவு மண் கிண்ணத்தில் ரொட்டியும் பாலும்தான். ஒரு நாள் பீங்கான் கிண்ணமும் வெள்ளிக் கரண்டியும் வந்து நின்றன. அயல் வீட்டார் கணவருக்கு உள்ளது என் கணவருக்கும் இருக்கட்டும் என்று அந்த அம்மையார் 23 ஷில்லிங் கொடுத்து வாங்கியிருந்தார்.

தாம் நிமிர்ந்தவுடன் பிராங்க்ளின் செய்த காரியம் நம் போன்ற முதலாளிகள் கவனிக்கத்தக்கது. தம்மிடம் வேலை செய்து தேறிய தாமஸ் விட்மார்ஷ் என்பவரை 1731-இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகருக்கு அனுப்பினார். இயந்திரமும் எழுத்துக்களும் பிராங்க்ளினுடையவை, உழைப்பு அவருடையது. செலவில் மூன்றில் ஒரு பங்கு பிராங்க்ளின் ஏற்பார். இலாபத்திலும் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு. ஆறு வருஷத் தவணை. முடிந்தபின் சாமான்களை வாங்கிக் கொண்டு சுதந்திரமாகத் தொழில் செய்யலாம். முதல் ஒருவருடையது, உழைப்பு ஒருவருடையது என்ற இந்த முறை நம் பெரியவர்கள் முளாரபா என்று அறிந்திருந்ததற்கு மிகவும் நெருங்கியது.

விட்மார்ஷ் 1733-இல் இறந்தார். அடுத்து லூயிஸ் திமோத்தி போனார். படித்தவர், ஆனால் கணக்கு வராது; உயிரோடிருந்தவரை ஒழுங்கான பேரேடு அனுப்பவில்லை. 1738-இல் அவரும் இறந்தபின் மனைவி எலிசபெத் தொழிலை ஏற்றார். ஹாலந்து நாட்டில் கணக்குப் படித்த அந்த அம்மையார், பழைய கணக்கைத் தேடி எடுத்துத் தெளிவாக்கி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் அறிக்கை அனுப்பினார். பிள்ளைகளை வளர்த்து, தவணை முடிந்ததும் அச்சுக்கூடத்தை விலைக்கு வாங்கி மகனை அமர்த்தினார். பெண்பிள்ளைகளுக்கு ஆட்டபாட்டத்தைக் காட்டிலும் கணக்குக் கற்பிப்பதே மேல் என்று பிராங்க்ளின் எழுதியதற்குக் காரணம் இந்த அம்மையார்தான்.

இப்படி வெவ்வேறு ஊர்களில் பலரைத் தொழிலில் அமர்த்தினார். பெரும்பாலும் கூட்டுக்கள் சண்டையில்லாமல் முடிந்தன. ஒவ்வொருவரும் செய்ய வேண்டியதையும் எதிர்பார்க்கக் கூடியதையும் ஆரம்பத்திலேயே ஒன்றுவிடாமல் எழுதி வைத்ததே காரணம் என்றார். சிநேகிதர்தானே என்று வாய்ப்பேச்சில் விட்டுவிடும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. 1748-இல், 42-ஆம் வயதில், டேவிட் ஹால் என்ற தம் மேஸ்திரியையே பங்காளியாக்கி, தொழிலை அவர் கையில் விட்டுவிட்டு ஓய்வு கொண்டார். அந்தக் கூட்டு 18 வருஷம் நடந்தது. ஹால் பங்கைத் தவறாமல் செலுத்தி வந்தார்.

அவர் கணக்கில் கறுப்புப் புள்ளியும் உண்டு. அவர் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள். அவர் பத்திரிகை அடிமை விற்பனை விளம்பரங்களைக் காசு வாங்கி அச்சிட்டது. முதுமையில், 1787-இல், அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவராகி, அந்த முறையை எதிர்த்து மனுக் கொடுத்தார். வந்த இலாபம் எந்த வழியில் வந்தது என்று கேட்பதும் வியாபாரியின் கடமை. அவர் தாமதமாகவே கேட்டார்.

1790 ஏப்ரல் 17-ந் தேதி, 84-ஆம் வயதில், பிலடெல்பியாவில் மரணமடைந்தார். அதற்கு முந்திய வருஷம் தம் மரண சாசனத்தில் ஒரு பகுதி சேர்த்தார். இரண்டு நண்பர்கள் அன்போடு கொடுத்த கடன்தான் தம் செல்வத்துக்கு அஸ்திவாரம் என்று அதில் நினைவு கூர்ந்து, பாஸ்டனுக்கு 1,000 பவுனும் பிலடெல்பியாவுக்கு 1,000 பவுனும் எழுதி வைத்தார். பென்சில்வேனியாத் தலைமை உத்தியோகத்தில் தமக்குக் கிடைத்த சம்பளப் பணம் அது.

அந்தப் பணத்தைக் கடனாகக் கொடுக்க அவர் வகுத்த திட்டம் இதுதான். வாங்குபவன் 25 வயதுக்குட்பட்ட, மணமான கைத்தொழிலாளியாக இருக்க வேண்டும். அந்த ஊரிலேயே தொழில் பழகி, ஒப்பந்தத்தை ஒழுங்காக முடித்திருக்க வேண்டும். அவன் நடத்தை நல்லது என்று சொல்லி ஜாமீன் போட இரண்டு கண்ணியமான ஊர்க்காரர் வேண்டும். ஒருவனுக்கு 60 பவுனுக்கு மேல் கிடையாது. 15 பவுனுக்குக் குறைந்தும் கிடையாது. வருஷம் பத்தில் ஒரு பங்கு முதலோடு நூற்றுக்கு 5 வட்டி கட்ட வேண்டும். 60 பவுன் வாங்கினவன் முதல் வருஷம் முதலில் 6 பவுனும் வட்டி 3 பவுனும் ஆக 9 பவுன் கட்டுவான். அடுத்த வருஷம் 8 பவுன் 14 ஷில்லிங். இப்படிச் சுமை குறைந்து பத்து வருஷத்தில் தீரும். திரும்பி வரும் பணம் அடுத்த வாலிபனுக்குப் போகும்.

நூறு வருஷத்தில் ஒவ்வொரு ஊரிலும் 1,31,000 பவுனாகும் என்பது அவர் போட்ட கணக்கு. நடைமுறையில் அவ்வளவு வரவில்லை. சிலர் தவணை தவறினார்கள். எழுதிக் கொடுத்துத் தொழில் பழகும் முறையே பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேய்ந்து போனதால், தகுதியுள்ளவர்களும் குறைந்தார்கள். ஆயினும் பாஸ்டன் நிதியின் நூறு வருஷப் பணத்தோடு ஆண்ட்ரூ கார்னெகி கொடுத்த தொகையும் சேர்ந்து, 1908-இல் அங்கே ஒரு தொழிற்கல்விக்கூடம் திறக்கப்பட்டது. இருநூறு வருஷம் முடிந்த 1990-இல் பாஸ்டனில் ஏறக்குறைய 50 லட்சம் டாலரும் பிலடெல்பியாவில் 20 லட்சத்துக்கு மேலும் நின்றன.

வட்டி நமக்கு ஆகாது. ஆனால் அந்தச் சாசனத்தில் வட்டியை நீக்கிவிட்டால் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். தொழிலைப் பழகி முடித்தவனுக்கே கொடுப்பது; சிறு தொகையாகக் கொடுப்பது; இரண்டு பேர் பொறுப்பேற்பது; வருஷா வருஷம் கொஞ்சமாகத் திருப்பி வாங்குவது; வந்ததை அடுத்தவனுக்குக் கொடுப்பது. இவற்றில் எதுவும் நமக்கு விலக்கப்பட்டதல்ல. பத்துக் கடைக்காரர்கள் ஒன்று சேர்ந்தால் கர்ளன் ஹஸனாவாகச் செய்யக் கூடியவை. இலாபத்தில் பங்கு வேண்டுமானால், சார்ல்ஸ்டனில் அவர் செய்த ஏற்பாடு இருக்கிறது.

ஆகையால் அடுத்த முறை கடை சாத்தும் நேரத்தில் ஒரு பையன் வந்து நின்றால், மெழுகுவர்த்திக்காரர் ஜோசையாவைப் போல அவன் சேர்த்த பணம் எவ்வளவு என்று முதலில் கேட்போம். சாமான் பட்டியல் எழுதிக் கொண்டு வரச் சொல்வோம். பட்டியலும் சரியாக இருந்து, அவன் விளக்கு இரவில் எரிவதையும் நாம் பார்த்திருந்தால், பாதியை நீங்கள் போடுங்கள், பாதியை நான் போடுகிறேன் என்று பக்கத்துக் கடைக்காரரிடம் போய்ச் சொல்வோம். கோல்மனும் கிரேஸும் பெரிய தனவந்தர்கள் அல்லர். ஆளுக்குப் பாதிதான் அவர்கள் கொடுத்தார்கள்.